நர்சிங் தொடங்க இன்னும் நாலு மாசம் இருக்கு, இந்த இடைவெளியில என்ன பண்ணலாம்?

லயத்துமல்லி:

வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன், இப்ப சுத்தி எல்லாமே செம்பனைதான் ஆனா நாங்க இன்னும் பழைய லயத்து வீட்டுலதான் இருக்கோம். எஸ்பிஎம் (ஃபாரம் ஃபைவ் அரசாங்கப் பரீட்சை) முடிச்சிட்டேன், தனியார் காலேஜ் ஒண்ணுல நர்சிங் டிப்ளோமாவுக்கு இடம் கிடைச்சிருக்கு, மூணு வருஷம், கிளாஸ் தொடங்க இன்னும் நாலு மாசம் இருக்கு. எங்க குடும்பத்துல காலேஜ் போற முதல் ஆளு நான்தான், அதனால வீட்டுல யாரையும் கேக்க முடியாது. பாட்டி முப்பது வருஷம் பால்மரம் வெட்டுனவங்க, அம்மா ஃபேக்டரி பஸ்ல போய் வர்றாங்க.

டவுன்ல தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க அவங்க பழைய அனாட்டமி புக்க குடுத்தாங்க, ஆயிரம் பக்கத்துக்கு மேல இருக்கு. மூணு வாரமா ராத்திரி ராத்திரி உக்காந்து நாப்பது பக்கம்தான் தாண்டியிருக்கேன், அதுவும் மண்டையில நிக்கல. இங்கிலீஷ் எனக்கு எஸ்பிஎம்ல வெறும் சி தான். இப்பவே இப்படின்னா அங்க போய் எப்படி தாக்குப்பிடிப்பேன்னு பயமா இருக்கு. மாமா பையன் சூப்பர்மார்க்கெட்ல ஆள் எடுக்குறாங்க போய் நாலு காசு சேருங்கிறாரு, அம்மா நீ படி காசு நான் பாத்துக்கிறேங்கிறாங்க. இந்தத் துறைக்குள்ள இருக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

வார்டு8_அக்கா:

தங்கச்சி, முதல்ல வாழ்த்துக்கள். நான் அரசாங்க ஹாஸ்பிட்டல்ல மெடிக்கல் வார்டு, 19 வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். நானும் தோட்டத்துப் பொண்ணுதான், அதனால உன்ன மாதிரி ஆளுக்கு எது உதவும்னு எனக்குத் தெரியும், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுமையா படி.

அந்த புக்க மூடி அலமாரியில வை. அத சொல்லிக் குடுக்கத்தான் காலேஜ் இருக்கு. அவங்க சொல்லிக் குடுக்க நேரமில்லாம, உனக்கு தெரியும்னு நினைச்சுக்கிட்டு தாண்டிப் போற விஷயம் சிலது இருக்கு, இந்த நாலு மாசத்த அதுக்கு வச்சுக்க.

ஒண்ணு கணக்கு. பெரிய கணக்கு இல்ல, ஃபாரம் ஒன்னுல படிச்ச விகிதமும் பெருக்கல் வகுத்தலும்தான். 1 கிராம் 1000 மில்லிகிராம், 1 மில்லிகிராம் 1000 மைக்ரோகிராம், இது தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும். டாக்டர் ஒரு பிள்ளைக்கு பாராசிட்டமோல் சிரப் 180 மில்லிகிராம் எழுதியிருக்காருன்னு வை. பாட்டில்ல 5 எம்எல்லுக்கு 120 மில்லிகிராம்னு போட்டிருக்கு. 180ஐ 120ஆல வகுத்து 5ஆல பெருக்கு, 7.5 எம்எல் வருதா? இப்ப இன்னொரு பாட்டிலப் பாரு, அதே மருந்து, பாக்கவும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும், ஆனா 5 எம்எல்லுக்கு 250 மில்லிகிராம். அதுல அதே 7.5 எம்எல் ஊத்துனா பிள்ளைக்குள்ள போறது 375 மில்லிகிராம், ரெண்டு மடங்குக்கும் மேல. அதுல 3.6 எம்எல்தான் குடுக்கணும். நான் ட்ரெய்னியா இருந்தப்ப இதே மாதிரி ஒரு பாட்டில கையில வச்சுக்கிட்டு லேபிளப் படிக்காம ஊத்தப் போனேன், சிஸ்டர் என் மணிக்கட்டப் பிடிச்சு நிறுத்துனாங்க. அந்தப் பிடி இன்னும் என் கையில இருக்கு. வீட்டுல இருக்கிற எல்லா மருந்து பாட்டிலையும் எடுத்து வச்சு லேபிளப் படிச்சு இந்த மாதிரி கணக்கு நீயே போட்டுப் பழகு, தினமும் அஞ்சு கணக்கு போதும்.

ட்ரிப் கணக்கும் அப்படித்தான். 500 எம்எல் தண்ணி 4 மணி நேரத்துல இறங்கணும், அந்த ட்யூப் செட் ஒரு எம்எல்லுக்கு 20 சொட்டு. 500 பெருக்கல் 20, அத 240 நிமிஷத்தால வகு. 42 சொட்டு ஒரு நிமிஷத்துக்கு. மெஷின் இருக்கிற இடத்துல மெஷின் பாத்துக்கும், மெஷின் இல்லாத பெட்டுல நீதான் வாட்ச்ச பாத்து எண்ணணும். அதனால செகண்ட் முள்ளு இருக்கிற வாட்ச் ஒண்ணு வாங்கு, விலை கூடின வாட்ச் வேண்டாம்.

ரெண்டாவது, இதத்தான் நான் ரொம்ப முக்கியமா சொல்லுவேன், ஒரு நோட்டு புக் எடுத்து கோடு போட்டு மூணு கட்டமா பிரி. முதல் கட்டத்துல நம்ம ஆளுங்க வலியையும் நோயையும் எப்படி சொல்றாங்களோ அத அப்படியே எழுது, ரெண்டாவதுல மலாய், மூணாவதுல இங்கிலீஷ். உன் பாட்டி தலை கிறுகிறுங்குதுன்னு சொல்லுவாங்க, மயக்கமா வருதுன்னு சொல்லுவாங்க, தலை சுத்துதுன்னு சொல்லுவாங்க, மூணும் ஒண்ணு இல்லடா. கேஸ் நோட்டுல மூணுக்கும் ஒரே 'பெனிங்'னு (மலாய்ல தலைசுத்தல்) எழுதிட்டா டாக்டர் என்ன கண்டுபிடிப்பாரு? மூச்சு வாங்குது, மூச்சு முட்டுது, மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்குது, கால் மரத்துப் போகுது, கால்ல எறும்பு ஊறுது, நெஞ்சு கரிக்குது, நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. எங்க வார்டுக்கு ஒரு வயசானம்மா வந்தாங்க, மலாய் அவ்வளவா வராது, கையால நெஞ்சத் தடவித் தடவி காட்டுனாங்க, எல்லாரும் கேஸ்ட்ரிக்னு நினைச்சாங்க. நான் பக்கத்துல போய் 'என்னம்மா செய்யுது'ன்னேன், 'காண்டா தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுன மாதிரி அமுக்குது மிஸ்ஸி, இடது கை கூட வலிக்குது'ன்னாங்க. காண்டான்னா தோள்ல கம்பு போட்டு ரெண்டு பக்கமும் பால் வாளி தொங்க விட்டுத் தூக்குறது, அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்த வார்த்தையோட கனம் தெரியும். உடனே இசிஜி எடுத்தாங்க, ஹார்ட்தான். இந்த மொழி உனக்கு ஏற்கனவே தெரியும் தங்கச்சி, மத்த ரெண்டு கட்டத்தத்தான் நீ நிரப்பணும்.

மிச்சத்த நாளைக்கு எழுதுறேன், நைட் டூட்டிக்கு கிளம்பணும்.

பென்சில்டீச்சர்:

அக்கா சொன்ன மூணு கட்ட நோட்டு அருமை, நானே என் ஸ்டூடண்ஸுக்கு சொல்லப் போறேன். ஆனா புக்க மூடி வைன்னு சொன்னத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். நான் நர்சிங் சொல்லிக் குடுக்குறவ, முதல் செமஸ்டர்ல பிள்ளைங்க அழறது அனாட்டமி ஃபிசியாலஜிலதான். பிள்ளைங்களுக்கு அறிவு இல்லாம இல்ல, எல்லாமே ஒரே நேரத்துல புது மொழியில வந்து விழுது, அதுதான் காரணம்.

மல்லி, அந்தப் பெரிய புக்க முதல் பக்கத்துல இருந்து படிக்காதம்மா, யாரும் அப்படிப் படிக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுல சயின்ஸ் ஸ்ட்ரீம் பிள்ளைங்க இருந்தா ஃபாரம் ஃபோர் பயாலஜி டெக்ஸ்ட்புக்க கேளு, மலாய் புக் ஒண்ணு, டிஎல்பி (சயின்ஸ இங்கிலீஷ்ல படிக்கிற திட்டம்) இங்கிலீஷ் புக் ஒண்ணு. ரெண்டும் ஒரே பாடம், ஒரே படம். மலாய்ல ஒரு பக்கம் படிச்சு புரிஞ்சுக்கிட்டு அதே பக்கத்த இங்கிலீஷ்ல படி, டிக்‌ஷனரியே வேண்டாம், வார்த்தை தானா வந்து ஒட்டிக்கும். மூச்சு, ரத்த ஓட்டம், சிறுநீரகம், நரம்பு, எலும்பு எல்லாம் அதுல இருக்கு. வாரத்துக்கு ஒண்ணுன்னு எடுத்துக்க.

படிச்சத பென்சில்ல வரைஞ்சு பாரு. இதயத்துக்கு நாலு கட்டம் போடு, மேல ரெண்டும் ஏட்ரியம், கீழ ரெண்டும் வென்ட்ரிக்கிள். உடம்புல இருந்து வர்ற ரத்தம் வலது ஏட்ரியம், வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல், திரும்பி இடது ஏட்ரியம், இடது வென்ட்ரிக்கிள், மறுபடி உடம்பு. அம்பு போட்டு வரைஞ்சிட்டு இப்ப யோசி, இடது பக்கம் சரியா பம்ப் பண்ணலன்னா ரத்தம் எங்க தேங்கும்? பின்னாடி நுரையீரல்ல. அதான் அந்த மாதிரி நோயாளி படுக்க முடியாம மூச்சு வாங்கி உக்காந்தே தூங்குறாங்க. வலது பக்கம் பலவீனமானா? உடம்புல தேங்கும், கால் வீங்கும். மனப்பாடம் பண்ணாமலே பாதி கார்டியாக் பாடம் உனக்கு வந்துருச்சு பாரு.

அப்புறம் வார்த்தைய உடைக்கப் பழகு. கடைசியில 'ஐட்டிஸ்' வந்தா அழற்சி. 'ஹெப்பட்' ஈரல், 'நெஃப்ர்' சிறுநீரகம், 'கார்டி' இதயம். 'டாக்கி' வேகம், 'பிராடி' மெதுவு. 'ஹைப்பர்' அதிகம், 'ஹைப்போ' குறைவு, இந்த ரெண்டையும் மட்டும் வாய்விட்டு சொல்லும்போது அழுத்தி சொல்லிப் பழகு, ஹைப்போகிளைசீமியாவும் (ரத்தத்துல சர்க்கரை குறையுறது) ஹைப்பர்கிளைசீமியாவும் (கூடுறது) காதுல ஒண்ணு போல விழும், வைத்தியம் நேர் எதிர்.

கித்தாக்காட்டு_நிலா:

படிப்பு பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன், தயவுசெஞ்சு அலட்சியமா எடுத்துக்காத மல்லி. சேர்றதுக்கு முன்னாடி அந்த காலேஜோட அந்த கோர்ஸ் எம்க்யூஏ (படிப்புத் தரத்துக்கு அங்கீகாரம் குடுக்குற அரசாங்க அமைப்பு) பதிவேட்டுல இருக்கான்னு பாரு, அதோட லெம்பாகா ஜூருராவாட்டோட, அதான் நர்சிங் போர்டோட, அனுமதி இருக்கான்னும் பாரு. ரெண்டும் வேணும். காலேஜ் பேரு இருந்தா மட்டும் பத்தாது, கோர்ஸ் பேரு இருக்கணும். மூணு வருஷம் படிச்சு முடிச்சதும் போர்டு எக்ஸாம் எழுதி பாஸ் பண்ணாத்தான் ரெஜிஸ்டர் பண்ண முடியும், அப்புறம் வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்கணும். அனுமதி இல்லாத கோர்ஸ்ல படிச்சா அந்த எக்ஸாம் ஹால் வாசலக் கூட மிதிக்க முடியாது.

எனக்கு நடந்தது. பேரு சொல்ல விரும்பல. டவுன்ல மேசை போட்டு உக்காந்திருந்தாங்க, ரெண்டு அக்கா நல்லா சிரிச்சுப் பேசுனாங்க, அன்னிக்கே சைன் பண்ணா ஹாஸ்டல் ஃப்ரீன்னாங்க, எங்கப்பா அங்கேயே நின்னு கையெழுத்துப் போட்டாரு. ஒன்றரை வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது எங்க பேட்ச்சுக்கு அனுமதியே வரலன்னு. அப்பா தீபாவளிக்குன்னு வச்சிருந்த காசு, அம்மாவோட ரெண்டு வளையல், எல்லாம் போச்சு, அதவிட ஒன்றரை வருஷம் போச்சு. அழுது முடிச்சு வேற இடத்துல முதல்ல இருந்து சேந்து படிச்சேன், இப்ப டயாலிசிஸ் சென்டர்ல வேலை பாக்குறேன், நல்லா இருக்கேன். ஆனா பத்து நிமிஷம் வெப்சைட்ல தேடியிருந்தா அந்த ஒன்றரை வருஷம் மிச்சமாயிருக்கும். மல்லி நீ பாத்துட்டு இங்க வந்து சொல்லு, நீ சொல்ற வரைக்கும் எனக்கு மனசு கேக்காது.

பிடிபிடிஎன் லோன் (அரசாங்கத்தோட உயர்கல்விக் கடன்) போடுறதா இருந்தா எஸ்எஸ்பிஎன்ங்கிற படிப்புச் சேமிப்புக் கணக்கு இருக்கணும், அத இப்பவே திறந்து வை, கடைசி வாரத்துல எல்லாரும் ஒண்ணா அப்ளை பண்ணுவாங்க.

லயத்துமல்லி:

நிலாக்கா பாத்துட்டேன். ரெண்டு இடத்துலயும் கோர்ஸ் பேரு இருக்கு, அம்மாவயும் உக்கார வச்சு காட்டுனேன். ரொம்ப நன்றிக்கா, உங்களுக்கு நடந்தத படிச்சப்ப அம்மாவுக்கு கண்ணு கலங்கிருச்சு.

டீச்சர், எதிர் லயத்துல ஒரு தம்பி ஃபாரம் ஃபைவ், அவன்கிட்ட ஃபாரம் ஃபோர் புக் மலாய்ல இருந்துச்சு வாங்கிட்டேன், இங்கிலீஷ் புக் இணையத்துல பாக்குறேன். இதயம் வரைஞ்சேன், மூணாவது தடவைதான் அம்பு சரியா வந்துச்சு.

வார்டு அக்கா, நோட்டுல இதுவரைக்கும் 31 வார்த்தை. பாட்டிகிட்ட உக்காந்தா போதும் கொட்டுது. சாயந்தரமா பக்கத்து வீட்டு ஆத்தாவும் வந்து உக்காந்துக்கிட்டாங்க, 'வயித்துல பந்து உருளுற மாதிரி'ங்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன எழுதுறது?

தம்பி_சுங்காய்:

இடையில ஒரு கேள்வி, ஆம்பளப் பசங்க நர்சிங் எடுக்கலாமா, எங்க ஸ்கூல்ல யாரும் எடுக்கல, வீட்டுல அது பொம்பளப் பிள்ளைங்க வேலைங்கிறாங்க.

வார்டு8_அக்கா:

தம்பி, தாராளமா எடுக்கலாம். எங்க வார்டுலயே ரெண்டு பேர் இருக்காங்க, டிப்ளோமா ஒண்ணுதான், ரெஜிஸ்டர் ஒண்ணுதான். வயசான ஆம்பள நோயாளிங்க குளிப்பாட்டி விடுறதுக்கோ சிறுநீர் ட்யூப் போடுறதுக்கோ பொண்ணுங்க வந்தா கூச்சத்துல முகத்தத் திருப்பிக்குவாங்க, அந்தத் தம்பி போனா அவங்க முகத்துல வர்ற நிம்மதிய நான் பாத்திருக்கேன். வீட்டுல இத சொல்லு.

மல்லி, பந்து உருளுறதுக்கு இங்கிலீஷ் தேடாத. அவங்க சொன்னதயே எழுதி, எங்க உருளுது, சாப்பிட்டதும் வருதா வெறும் வயித்துலயா, எவ்வளவு நேரம் இருக்குன்னு கேட்டு பக்கத்துல எழுது. அதுதான் ஹிஸ்டரி எடுக்குறது.

நேத்து விட்டத சொல்றேன். தூக்கம். மார்னிங் ஷிஃப்ட் பெரும்பாலும் காலையில ஏழு மணிக்கு, பாஸ் ஓவருக்கு (முந்தின ஷிஃப்ட் நோயாளிங்க விவரத்த ஒப்படைக்கிறது) முன்னாடியே வார்டுல நிக்கணும். லீவுல எல்லாரும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபோன் பாத்துட்டு பத்து மணிக்கு எந்திரிச்சுப் பழகிடுறாங்க. உன் பாட்டி பெரட்டுக்கு, அதான் காலையில தோட்டத்துல பேர் கூப்பிடுற இடத்துக்குப் போக நாலரைக்கு எந்திரிச்சிருப்பாங்க, அவங்கள உன்ன எழுப்பி விடச் சொல்லு. எந்திரிச்சு நட, தோட்டத்து ரோட்டுல ஒரு மணி நேரம். வார்டுல ஏழு மணி நேரம் உக்கார நாற்காலி தேடக் கூடாது. ஷூ மட்டும் இப்ப வாங்காத, காலேஜ் என்ன கலர் என்ன மாதிரின்னு சொல்லும், அதுக்கப்புறம் அரை சைஸ் பெருசா வாங்கு, சாயந்தரம் கால் வீங்கும்.

ஹெப்படைட்டிஸ் பி ஊசி பத்தி கிளினிக்ல கேளு. நம்ம நாட்டுல 1989ல இருந்து குழந்தைங்களுக்குப் போடுறாங்க, உனக்கும் போட்டிருப்பாங்க, அந்த பழைய கார்டத் தேடி எடு. கார்டு இல்லன்னாலோ திரும்ப போடணும்னாலோ மூணு ஊசி, முதல் ஊசிக்கும் கடைசிக்கும் நடுவுல ஆறு மாசம், அதான் இப்பவே கேளுங்கிறேன்.

அப்புறம் மூச்சு எண்ணப் பழகு. எல்லாரும் பிபி மெஷினயும் தெர்மாமீட்டரயும் வாங்கலாமான்னு கேப்பாங்க, மூச்ச எண்ண ஒண்ணும் வேண்டாம், வாட்ச் போதும். பெரியவங்களுக்கு சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 12ல இருந்து 20. ஆனா மூச்ச எண்ணப் போறேன்னு சொல்லிட்டா அவங்க மூச்சு மாறிடும், யாரா இருந்தாலும். அதனால நாடி பாக்குற மாதிரி கையப் பிடிச்சுக்க, நாடி எண்ணி முடிச்சும் கைய விடாத, கண்ண மட்டும் நெஞ்சுக்கு மாத்து, முழு ஒரு நிமிஷம் எண்ணு. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்காத. நோயாளி மோசமாகப் போறாங்கன்னா மூச்சுதான் பெரும்பாலும் முதல்ல சொல்லும், வார்டுல அதத்தான் ஆளுங்க எண்ணாமலே 20னு எழுதிடுறாங்க. எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம் அது.

மூணுபிள்ளை_அம்மா:

என் மூத்தவ நர்சிங் ரெண்டாவது வருஷம். நான் நர்ஸ் இல்ல, அம்மாவா சொல்றேன். மாமா பையன் சொன்ன வேலைய வேண்டாம்னு தள்ளிடாதம்மா, ரெண்டு மாசம் மட்டும் போ. காசுக்காக மட்டும் சொல்லல, எம்மவ மார்க்கெட்ல கேஷியரா இருந்தப்பதான் சீனக் கிழவி, மலாய்க்காரப் பெரியவர், கோவப்படுறவங்க, காது கேக்காதவங்க எல்லார்கிட்டயும் பொறுமையா பேசக் கத்துக்கிட்டா. வீட்டுல அவளுக்கு வாயே வராது.

இன்னொண்ணு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. முதல் போஸ்டிங்ல ஒரு ராத்திரி ஃபோன் பண்ணா, பேசவே இல்ல, மூச்சு சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் சொன்னா, அவ மூணு நாளா பால் ஊட்டி விட்ட தாத்தா இறந்துட்டாருன்னு, சீனியர் நர்ஸோட சேந்து அவளும் உடம்பத் துடைச்சு சுத்தம் பண்ணுனான்னு, துடைக்கும்போது அந்த சீனியர் தாத்தாகிட்ட 'அங்கிள், கைய தூக்குறேன்'னு உயிரோட இருக்கிறவர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே துடைச்சாங்கன்னு. அத சொல்லும்போதுதான் அழுதா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, சாப்பிட்டியான்னு கேட்டேன். மல்லி, உங்க அம்மாகிட்ட முன்னாடியே பேசி வை, எந்த நேரத்துல ஃபோன் வந்தாலும் எடுக்கணும்னு. ஃபேக்டரில நைட் ஷிஃப்டுன்னா யார எடுக்கச் சொல்றதுன்னும் பேசி வை.

பென்சில்டீச்சர்:

அம்மா எழுதுனத ரெண்டு தடவை படிச்சேன். பிள்ளைங்க கிளாஸ்ல இத கேக்க மாட்டாங்க, டாய்லெட்டுல போய் அழுதுட்டு வந்து உக்காருவாங்க. மல்லி, அந்த நேரம் வந்தா உங்க டியூட்டர்கிட்ட போய் சொல்லு, அது பலவீனம் இல்ல, கேக்கத்தான் நாங்க இருக்கோம்.

பாட்டியோட மருந்து உறை இருந்தா எடுத்துப் பாரு, கிளினிக்ல குடுக்குற அந்த சின்ன பிளாஸ்டிக் உறை. மருந்துப் பேரு, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை எல்லாம் மலாய்ல இருக்கும். வார்டுல அதையே ஓடி, பிடி, டிடிஎஸ், ஓஎன்னு எழுதுவாங்க, ஒரு தடவை, ரெண்டு, மூணு, ராத்திரிக்கு. மாத்தி எழுதிப் பழகு. ஆனா பாத்து தெரிஞ்சுக்கிறதோட நிறுத்திக்க, பாட்டிக்கு மருந்த கூட்டிக் குறைக்கச் சொல்லாத, எது சந்தேகமா இருந்தாலும் கிளினிக் ஃபார்மசில கேளு.

லயத்துமல்லி:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சிக்குங்க, சூப்பர்மார்க்கெட் வேலைக்குப் போறேன், ஆறு வாரம் மட்டும்னு பேசியிருக்கேன், மீன் பிரிவுல போட்டிருக்காங்க. பாட்டி நாலே முக்காலுக்கு எழுப்பி விடுறாங்க, பசியாறிட்டு ரெண்டு பேரும் பழைய ஆயாக் கொட்டாய் (தோட்டத்துப் பிள்ளைங்கள பாத்துக்கிற இடம்) வரைக்கும் நடக்குறோம்.

உறையில மெட்ஃபோர்மின் (சர்க்கரைக்கு) 500 பிடி, அம்லோடிபின் (பிரஷருக்கு) 10 ஓடி. பாட்டிக்கு கணுக்கால் ரெண்டும் வீங்கியிருக்கு, எல்லாரும் வயசு, அதான்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. நான் கிளினிக்ல அடுத்த அப்பாயிண்ட்மென்ட்டுக்கு கூடப் போய் எம்ஏகிட்ட (மெடிக்கல் அசிஸ்டென்ட்) சொன்னேன், எப்பல இருந்து, சாயந்தரம் கூடுதா, படுத்தா மூச்சு முட்டுதான்னு கேட்டாரு, நான் நோட்டப் பாத்து ஒவ்வொண்ணா சொன்னேன். டாக்டர் கால அமுக்கிப் பாத்தாங்க, அந்த அம்லோடிபின் மாத்திரையாலயும் இப்படி வீங்கும்னு சொல்லி மாத்திக் குடுத்திருக்காங்க, ரத்தமும் எடுத்திருக்காங்க. அந்த நோட்டு இல்லன்னா நானும் வயசுன்னுதான் விட்டிருப்பேன்.

வார்டு அக்கா, மூச்சு எண்ணுனேன். நேத்து சாயந்தரம் பாட்டி வாசல்ல முறுக்குப் பிழியிற அச்ச கழுவிட்டு உக்காந்திருந்தாங்க, கையப் பிடிச்சு நாடி எண்ணுனேன், 76. அப்படியே கைய விடாம நெஞ்சப் பாத்தேன். வெள்ளச் சேலை முந்தானை கொஞ்சம் தூக்கித் தூக்கி இறங்குச்சு, அத வச்சுதான் எண்ண முடிஞ்சுது, கண்ணு நெஞ்சுக்கும் வாட்ச்சுக்கும் போய்ட்டுப் போய்ட்டு வந்துச்சு, முதல் தடவை பாதில எண்ணிக்கை விட்டுட்டேன். ரெண்டாவது தடவை 18. பாட்டி 'ஏன்டி என் முந்தானையையே பாக்குற, கிழிஞ்சிருக்கா'ன்னாங்க.

வார்டு8_அக்கா:

18 சரியா இருக்கு. உக்காந்திருக்கும்போது எண்ணுனேன்னு பக்கத்துல எழுது, நேரமும் எழுது. நாளைக்கு நடந்துட்டு வந்ததும் ஒரு தடவை எண்ணு, அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப எண்ணு, ரெண்டு நம்பரயும் இங்க போடு. அப்புறம் அந்த ரத்த ரிசல்ட் வர்ற அன்னிக்கும் பாட்டியோட கிளினிக்குக்கு நீயே கூடப் போ.